இறங்கிய அன்றே ஓடாதீர்கள்!

இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தின் கதவைத் தாண்டியதும் மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். உள்ளே குளிரூட்டி, வெளியே கடலோரத்து ஈரக்காற்று. கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரிவதில்லை. லண்டனில் விமானம் ஏறும்போது விரல் நுனி விறைக்கும் குளிர். இங்கே வெப்பமானி முப்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கம்பளிச் சட்டையைக் கழற்றி எங்கே வைப்பது, பணம் எங்கே மாற்றுவது, கழிப்பறை எந்தப் பக்கம், இந்தப் பெட்டியைத் தூக்க வருகிறவர் நம் ஆளா வேறு ஆளா? பதினாறு பேரிடமிருந்தும் ஒரே சமயத்தில் கேள்விகள் கிளம்புகின்றன.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒருவர் பெயர்ப்பலகையை உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறார். வருகிறவர்களைப் பார்த்து வாய் சிரிக்கிறது. கண் மட்டும் எண்ணிக்கொண்டே இருக்கிறது. பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. பதினாறாவது ஆள் எங்கே?

அவர்தான் டூர் லீடர். அடுத்த பன்னிரண்டு பதினான்கு நாட்களுக்கு இந்தப் பதினாறு பேரின் உடம்பு, உறக்கம், வயிறு, கோபம், கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. சிகிரியாவின் ஏறத்தாழ 1,200 படிகளில் ஏற்றுவதும், யானைகள் பார்க்க ஜீப்பில் கூட்டிப்போவதும், மலையகத்து ரயிலில் ஜன்னலோர இருக்கைக்கு நடக்கும் பங்காளிச் சண்டையைத் தீர்ப்பதும் பின்னால் வரும் வேலைகள். இந்தத் தொழிலில் பழுத்தவர்களைக் கேட்டால், எல்லாவற்றிலும் கடினமான நாள் முதல் நாள்தான் என்பார்கள். அன்று பெரிதாக எதையும் காட்டுவதில்லை. ஆனால் பயணம் எப்படி முடியும் என்பதில் பாதி அன்றைக்கே தீர்மானமாகிவிடுகிறது.

குழுவாகச் சுற்றுலா போவது இன்று நமக்குப் பழகிய விஷயம். அதை ஒரு தொழிலாக ஆக்கியவர் தாமஸ் குக் என்ற ஆங்கிலேயர். 1841 ஜூலை 5 அன்று லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ என்ற ஊருக்கு ஏறத்தாழ 500 பேரை ரயிலில் அழைத்துப்போனார். தூரம் வெறும் 12 மைல். தலைக்கு ஒரு ஷில்லிங். போனது ஒரு மதுவிலக்குக் கூட்டத்துக்கு! முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து, 1872-ல், அதே மனிதர் ஒரு சிறு குழுவை உலகம் சுற்றக் கூட்டிச் சென்றார். அப்போது அவருக்கு வயது 63. பயணம் 222 நாட்கள் நடந்தது. சீட்டை விற்றுவிட்டு வீட்டில் உட்காராமல், தானே குழுவோடு கிளம்பினார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அந்நிய ஊரில் ஒரு கூட்டம் இறங்கினால் அதன் முன்னால் ஓர் ஆள் நடக்க வேண்டும் என்ற வழக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பெயரைத் தாங்கிய நிறுவனம் 2019 செப்டம்பர் 23 அன்று நொடித்துப்போனது. அன்று வெளிநாடுகளில் இருந்த பிரித்தானியப் பயணிகள் மட்டும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர். அவர்களை வீடு சேர்க்கப் பிரித்தானிய அரசே விமானங்களை ஏற்பாடு செய்ய வேண்டிவந்தது. காசு கொடுத்துக் குழுவாகப் போகிறவர், தன் பாதுகாப்பை முழுதாக இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போகிறார் என்பது அந்த வாரத்தில் உலகத்துக்கே புரிந்தது.

சுற்றுலாத் தொழில் ஒரே நாளில் நொடிந்துபோகும் என்பது இலங்கைக்கும் புதிய பாடமல்ல. 2018-ல் 23 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டுப் பயணிகள் அந்தத் தீவுக்கு வந்தார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று நடந்த குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு விடுதிகள் வெறிச்சோடின. பிறகு கொரோனா. அதன் பிறகு 2022-ல் எரிபொருள் நிலையங்களில் நாள்கணக்கில் வரிசை. வழிகாட்டிகள் பலர் வேறு பிழைப்பைத் தேடிப் போனார்கள். 2024-ல்தான் எண்ணிக்கை மறுபடி 20 லட்சத்தைத் தாண்டியது. இன்று கட்டுநாயக்கவில் பெயர்ப்பலகை பிடித்து நிற்பவர்களில் பலர் இந்த ஐந்தாண்டுச் சோதனையைத் தாண்டி வந்தவர்கள். அவர்கள் முகத்துச் சிரிப்புக்கு அந்த மதிப்பையும் சேர்த்துத் தர வேண்டும்.

பதினாறாவது ஆள் கிடைத்துவிட்டார். சிம் அட்டை வாங்கும் வரிசையில் நின்றிருந்தார். கோஸ்டர் பஸ் வந்து நிற்கிறது. சாரதியும் உதவியாளரும் பெட்டிகளை அடுக்குகிறார்கள். ஏறியதும் மறுபடி ஓர் எண்ணிக்கை. கழிப்பறைக்கு இறங்கினாலும், இளநீர் குடிக்க நிறுத்தினாலும், கோயிலிலிருந்து திரும்பினாலும் எண்ணாமல் பஸ் நகரக் கூடாது. ஆனால் விரல் நீட்டி எண்ணுகிற லீடரைப் பயணிகளுக்குப் பிடிக்காது, ஆட்டு மந்தை எண்ணுவதுபோல இருக்கும். நல்ல லீடர் தண்ணீர்ப் போத்தல் கொடுத்துக்கொண்டே எண்ணுவார். ஒரு பெட்டியில் பதினாறு போத்தல். பெட்டி காலியானால் ஆள் சரி.

அந்தப் போத்தலுக்கு அதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது.

உடம்பு இன்னும் வந்து சேரவில்லை

விமானத்துக்குள் இருக்கும் காற்று பாலைவனக் காற்றைப்போல உலர்ந்தது. பத்தரை, பதினொரு மணி நேரம் அதில் உட்கார்ந்து, இடையில் இரண்டு கோப்பை வைனும் குடித்து, சரியாகத் தூங்காமல் இறங்குகிறவர் ஏற்கெனவே நா வறண்டுதான் இருக்கிறார். வெளியே வந்ததும் வியர்க்கத் தொடங்குகிறது. ஈரப்பதம் மிகுந்த காற்றில் அந்த வியர்வை காய்வதில்லை. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காயாமல் வழிந்தோடும் வியர்வையால் தண்ணீரும் உப்பும் போகுமே தவிர சூடு இறங்காது.

வெயிலுக்குப் பழகாத உடம்பு இதில் இன்னும் திணறும். அதன் வியர்வையில் உப்பு அதிகமாகப் போகும். இதயம் வேகமாக அடிக்கும். தொடர்ந்து வெப்பத்தில் இருந்தால் ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் உடம்பு தன்னைத் திருத்திக்கொள்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது, அதில் உப்பும் குறைகிறது. ஆனால் முதல் நாளில் இவற்றில் எதுவும் நடந்திருக்காது. ஆள் இலங்கையில், உடம்பு இன்னும் லண்டனில்.

கடிகாரமும் அப்படித்தான். குளிர்காலத்தில் லண்டனுக்கும் கொழும்புக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். புதிய நேரத்துக்கு உடம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர அளவில்தான் நகர்ந்து வரும். மேற்கே போவதைவிடக் கிழக்கே வருவது கடினம். பிற்பகல் மூன்று மணிக்குச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் நான்கு மணிக்கு நின்றபடியே கண் செருகுவார். இன்சுலின் போடுகிறவருக்கு எந்த நேரத்தை வைத்துப் போடுவது என்ற குழப்பம் வரும். இதைப் புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும். பலர் வாங்கியிருக்க மாட்டார்கள்.

சூரியனைப் பற்றி ஒரு கணக்கு. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் லண்டனில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் எழும்பும். அதே நாளில், குழு முதல் இரவு தங்கப்போகும் நீர்கொழும்பில் 59 பாகை. ஏப்ரல் முதலிரு வாரங்களில் வந்தால் சூரியன் உச்சந்தலைக்கே வந்துவிடும், நடுப்பகலில் கம்பத்துக்கு நிழல் விழாது. மேகம் இருக்கிறதே என்று நம்பிச் சட்டையைக் கழற்றுகிறவர் மறுநாள் காலையில் முதுகு சிவந்து, படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கிடப்பார்.

இவ்வளவையும் டூர் லீடர் பஸ்ஸில் பிரசங்கம் செய்ய முடியாது. விமான நிலையத்திலிருந்து நீர்கொழும்பு ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர், நெரிசலைப் பொறுத்து அரை மணி நேரம். முழுதாகச் சொன்னாலும் காதில் ஏறாது. அந்த முதல் பேச்சில் எதைச் சொல்லாமல் விடுவது என்று தெரிந்தவர்தான் தேர்ந்தவர். ஆயுபோவன், வணக்கம் என்று இரண்டு மொழியிலும் கும்பிடக் கற்றுக்கொடுப்பார். கையில் இருக்கும் தண்ணீரை விடுதி போய்ச் சேர்வதற்குள் குடித்து முடிக்கச் சொல்வார். மாலை ஆறு மணிக்கு எல்லாரும் கீழே கூட வேண்டும் என்பார். குழுவில் ஜெர்மானியரோ பிரெஞ்சுக்காரரோ இருந்தால், சாலையைக் கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பாருங்கள் என்று சேர்த்துக்கொள்வார். அவர்கள் நாட்டில் வண்டி வலப்பக்கமாக ஓடும். கழுத்து பழக்கதோஷத்தில் தப்பான பக்கம் திரும்பும். தூக்கக் கலக்கத்தில் அந்த ஒரு நொடி போதும். பிறகு வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்க்க விட்டுவிடுவார்.

ஜன்னலுக்கு வெளியே பார்க்க எவ்வளவோ இருக்கிறது. நீர்கொழும்புக்குச் சின்ன ரோம் என்று ஒரு பெயர். தெருவுக்குத் தெரு தேவாலயம், முச்சந்தியில் கண்ணாடிக்கூட்டுக்குள் அந்தோனியார், கொஞ்சம் தள்ளி அரசமரத்தடியில் புத்தர், கடற்கரைத் தெருவில் மாரியம்மன் கோயில். கருவாடு காயும் வாசம். ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய். வீட்டில் தமிழ் பேசிய தலைமுறையும் பள்ளியில் சிங்களம் படித்த தலைமுறையும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போகிற ஊர் இது. ஒரு தீவின் சிக்கலும் சேர்க்கையும் அந்தப் பத்துக் கிலோமீட்டரிலேயே கண்ணில் படுகின்றன. விளக்கம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

பிற்பகல் நான்கு மணி

விடுதியில் அறைச் சாவி கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிற லீடருக்குப் பத்து நிமிடத்தில் கதவு தட்டும். அறையில் பல்லி இருக்கிறது. குளிரூட்டியின் ரிமோட் வேலை செய்யவில்லை. கழிப்பறைக் குழாயோடு தொங்கும் அந்தக் கைக்குழாய் எதற்கு? கொசுவலையை எப்படி அவிழ்ப்பது? தோட்டத்துக் கால்வாயில் முதலை நீந்துகிறது! அது முதலையல்ல, கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பு, வம்புக்குப் போகாதவரை அது தன் வழியில் போய்விடும் என்று விளக்க வேண்டும். பல்லிக்குக் கொஞ்சம் வரலாறு சொல்லலாம். அது கொசுவைத் தின்னும், எங்கள் ஊரில் அது எந்தத் திசையிலிருந்து கத்துகிறது என்பதற்குப் பலன் பார்க்கும் பஞ்சாங்கமே உண்டு என்று சொன்னால், பயந்தவர் அடுத்த நிமிடம் அதைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். புது ஊரின் பயத்தை ஆர்வமாக மாற்றுவது இந்த வேலையின் அழகான பகுதி.

பயப்பட வேண்டியது வேறெங்கோ இருக்கிறது. பிற்பகல் நான்கு மணிக்கு, விடுதியின் பின்வாசலைத் திறந்தால் கடல். பனியிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் கால் நிற்காது. தூக்கமில்லாத உடம்பு, காலி வயிறு, ஒரு குளிர்ந்த பியர், முன்பின் தெரியாத கடல். முதல் நாளின் ஆபத்தான வேளை இதுதான்.

மேற்குக் கடற்கரை டிசம்பர் முதல் மார்ச் வரை பொதுவாக அமைதியாக இருக்கும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் அக்டோபர் வரை சீறும். எந்தப் பருவத்திலும் கரையில் மோதிய அலைநீர் ஏதோ ஓரிடத்தில் வாய்க்கால்போலத் திரண்டு கடலுக்குள் திரும்பிப் போகும். மேலோட்டமாகப் பார்த்தால் அந்த இடம்தான் அலையில்லாமல் சாதுவாகத் தெரியும். தெரியாதவர் அங்கேதான் இறங்குவார். இழுக்கத் தொடங்கியதும் கரையை நோக்கி நேராக நீந்தி, கை ஓய்ந்து மூழ்குவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தைவிட்டு விலக வேண்டும், அல்லது மிதந்தபடி கையசைத்து உதவி கேட்க வேண்டும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை ஆறு மணிக் கூட்டத்துக்குத் தள்ளிப்போடாமல், சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். இன்று கால் நனைப்பதோடு நிறுத்துங்கள், நாளை காலை நான் கூட வருகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் தெரிய வேண்டும். காசு கட்டி வந்தவரைத் தடுப்பதா என்று தயங்குகிற லீடர் அந்த வேலைக்கு ஏற்றவரல்ல.

ஒரு நிமிட அறிவு என்ன செய்யும் என்பதற்கு உலகமறிந்த சாட்சி டில்லி ஸ்மித். 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட்டில், மாய் காவோ கடற்கரையில் பெற்றோரோடு விடுமுறையில் இருந்த பத்து வயது ஆங்கிலச் சிறுமி. கடல் நுரைத்து, வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்வதைப் பார்த்தாள். இரண்டு வாரம் முன்புதான் பள்ளியில் புவியியல் ஆசிரியர் சுனாமியைப் பற்றி நடத்தியிருந்தார். சுனாமி வருகிறது என்று விடாமல் கத்தினாள். தந்தை விடுதிக் காவலரிடம் சொன்னார். கரை காலியானது. அந்தக் கடற்கரையில் ஓர் உயிரும் போகவில்லை. அதே காலையில் இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓடுங்கள் என்ற ஒரு வரியை இன்று இந்தக் கரைகளில் குழு நடத்தும் எவரும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஆறு மணிக்கு எல்லாரும் கூடுகிறார்கள். வெப்பமண்டலத்தில் அந்தி நீளாது. சூரியன் சாய்வில்லாமல் செங்குத்தாக இறங்குவதால் மறைந்த இருபத்தைந்து நிமிடத்துக்குள் இருட்டிவிடும். கோடையில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் பார்த்துப் பழகியவர்கள் கடற்கரையில் நடந்துவிட்டு வருவதற்குள் வழி தெரியாமல் நிற்பார்கள். அதனால்தான் கூட்டம் ஆறு மணிக்கு. இருட்டும்போது எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் சட்டம் பேச வேண்டும். 2012-ல் மூன்று பிரெஞ்சுப் பயணிகள் புத்தர் சிலைக்கு முத்தமிடுவதுபோல எடுத்துக்கொண்ட படங்களைக் கழுவக் கொடுத்த இடத்திலிருந்து விஷயம் போலீசுக்குப் போனது. காலி நகர நீதிமன்றம் அவர்களுக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. 2014-ல் ஒரு பிரித்தானியப் பெண் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்ததற்காகக் கட்டுநாயக்கவில் இறங்கிய அன்றே கைது செய்யப்பட்டு, பிறகு நாடு கடத்தப்பட்டார். அவர் பௌத்தத்தில் பற்றுள்ளவர், பக்தியோடு குத்தியது அது. மூன்றாண்டு கழித்து உச்ச நீதிமன்றம் அந்தக் கைது தவறு என்று கண்டு, அவருக்கு எட்டு லட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. நீதி கிடைத்தது, விடுமுறை போனது போனதுதான். புத்தருக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள், கோயிலில் தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும் என்பதை உத்தரவாகச் சொல்லாமல், இந்த மக்களுக்கு அது ஏன் முக்கியம் என்று சொல்லும் லீடரின் குழுதான் அடுத்தடுத்த நாட்களில் தானாகவே ஒழுங்காக நடக்கும்.

கொசுவைப் பற்றி இரண்டு வார்த்தை. மலேரியாவுக்குப் பயந்து மாத்திரை மூட்டையோடு வருகிறவர்கள் இன்றும் உண்டு. 2016 செப்டம்பரிலேயே இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது. ஆனால் டெங்கு இருக்கிறது. அதைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும். இரவில் மட்டும் வலை கட்டினால் போதாது, காலை உணவுக்கு வரும்போதே கொசு விரட்டியைப் பூசிக்கொண்டு வர வேண்டும்.

கூட்டத்தில் ஒருபோதும் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு: உங்களில் யாருக்கு என்ன வியாதி? பதினைந்து அந்நியர் முன்னால் எவரும் இதய மாத்திரையைப் பற்றிப் பேச மாட்டார்கள். முட்டி வலி, மூச்சிரைப்பு, நிலக்கடலை ஒவ்வாமை, போன வருடம் மனைவி இறந்ததிலிருந்து தூக்கம் வராதது, இவையெல்லாம் தனியாகத்தான் வெளியே வரும். கூட்டம் கலைந்ததும் நல்ல லீடர் ஒவ்வொருவர் பக்கத்திலும் இரண்டு நிமிடம் உட்காருவார். நாளை மறுநாள் சிகிரியா, படி நிறைய, உங்களுக்கு எப்படி என்று கேட்பார். பதில் பெரும்பாலும் வாயைவிட முகத்தில்தான் இருக்கும். அந்தப் பதினாறு இரண்டு நிமிடங்கள்தான் முதல் நாளின் உச்சம் என்று தோன்றுகிறது. பயணியின் கண்ணுக்கு அது சும்மா பேச்சு.

சாரதி எங்கே தூங்குகிறார்?

இரவுச் சாப்பாடு எளிமையாக இருப்பது நல்லது. இடியாப்பம், பருப்பு, கொஞ்சம் சொதி. சம்பலை ஓரத்தில் வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். நீச்சல் குளத்துப் பக்கத்து பஃபேயில் வெகுநேரமாகத் திறந்து கிடக்கும் சாலட்டையும் பனிக்கட்டியையும் இரண்டு நாள் தள்ளிப்போடலாம். பழமென்றால் தோலுரித்துத் தின்கிற வாழையும் அன்னாசியும். குடிக்கச் செவ்விளநீர். தெம்பிலி என்று சிங்களத்தில் சொல்லும் அந்தச் செம்மஞ்சள் காயில் தண்ணீரோடு பொட்டாசியச் சத்தும் இருக்கிறது. வியர்வையில் போன உப்பை மீட்கச் சாப்பாட்டில் உப்பும் வேண்டும்.

குழு சாப்பிட்டுப் படுக்கப் போன பிறகும் மூன்று பேருக்கு வேலை முடிவதில்லை. வெளிநாட்டிலிருந்து குழுவோடு வந்த டூர் லீடர், இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி, சாரதி. சில குழுக்களில் முதல் இரண்டு வேலையையும் ஒருவரே பார்ப்பார். சாரதியே வழிகாட்டியாகவும் உரிமம் பெற்ற சிறு குழுக்களும் உண்டு. உள்ளூர் வழிகாட்டி உரிமம் லேசில் கிடைப்பதல்ல. தேசிய வழிகாட்டி விரிவுரையாளர் என்பது அதன் மேல்படி, வரலாறும் தொல்லியலும் உயிரினங்களும் படித்துத் தேற வேண்டும். முதல் நாளில் அந்த வழிகாட்டியை மைக்கைக் கையில் வாங்கவிட்டு, நாட்டுக்காரர் பேசட்டும் என்று பின்னால் நகர்ந்து நிற்கும் லீடருக்கு மறுநாளிலிருந்து பாதிப் பாரம் குறைந்துவிடும். எல்லாம் எனக்குத் தெரியும் என்று நிற்பவர் முதல் சோதனைச்சாவடியிலேயே தனியாகிவிடுவார்.

இன்னொரு அளவுகோலும் இருக்கிறது. சாரதி எங்கே படுக்கிறார் என்று போய்ப் பார்த்த லீடரா, இல்லையா? பெரிய விடுதிகள் பலவற்றிலும் சாரதிகளுக்கென்று பின்பக்கத்தில் ஓர் அறை இருக்கும். ஆறு கட்டில், ஒரு மின்விசிறி, கொசு. மறுநாள் நான்கு மணி நேரம் பதினாறு உயிர்களைச் சுமந்து தம்புள்ளைப் பக்கம் ஓட்டப்போகிறவர் அங்கே தூங்கவில்லை என்றால், பயணிகளின் மெத்தை எவ்வளவு மிருதுவாக இருந்து என்ன? "அண்ணே, நித்திரைக்கு இடம் சரியா?" என்று கேட்க ஒரு காசும் செலவில்லை. சரியில்லை என்றால் விடுதி மேலாளரிடம் பேசி மாற்றிக் கொடுப்பதும் லீடரின் வேலைதான்.

விமானத்திலிருந்து இறக்கி நேரே தம்புள்ளைக்கு ஓட்டி, வழியில் பின்னவலையில் யானையையும் காட்டி, ஒரு நாளை மிச்சம் பிடிக்கிற பயணத் திட்டங்கள் இருக்கின்றன. விளம்பரத் தாளில் அது கவர்ச்சியாகத் தெரியும். மூன்றாம் நாள் குழுவில் நான்கு பேர் படுத்துவிடுவார்கள். நீர்கொழும்பில் ஓர் இரவை வீணடிப்பதாகத் தெரிகிற திட்டம்தான் சரியான திட்டம்.

இந்தக் கட்டுரை வெள்ளைக்காரக் குழுக்களைப் பற்றியது மட்டுமல்ல. ஒவ்வொரு ஜூலையிலும் ஆகஸ்டிலும் அதே கட்டுநாயக்கக் கதவு வழியாக லண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் நம் குடும்பங்கள் இறங்குகின்றன. பள்ளி விடுமுறை, நல்லூர்த் திருவிழா, ஒரு கலியாணம், அம்மம்மாவின் எண்பதாவது பிறந்தநாள். மூன்று குடும்பம் சேர்ந்தால் பதினாறு பேர். பெரியப்பாவோ மாமாவோ முன்னால் நடப்பார். அவருக்கு உரிமமும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. ஆனால் அவரும் டூர் லீடர்தான்.

வெளியே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இரண்டு ஹயஸ் வான்கள் காத்திருக்கும். சாரதித் தம்பி காலையில் அங்கிருந்து புறப்பட்டவர். ஏறத்தாழ 350 கிலோமீட்டர் ஓட்டி வந்து, விமானம் தாமதித்ததால் வாகனத் தரிப்பிடத்திலேயே கண்ணை மூடித் திறந்தவர். பெட்டிகளை மேலே கட்டியதும் புத்தளம், அனுராதபுரம், வவுனியா வழியாக அதே தூரத்தை இரவில் திரும்ப ஓட்ட வேண்டும்.

"மாமா, இன்னும் எவ்வளவு நேரம்?"

"ஆறு மணித்தியாலம்தான், படு மோனை."

விடியற்காலை மூன்று மணிக்கு வானுக்குள் எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். தூங்கக் கூடாத ஒருவருக்கும் கண் செருகுகிறது. இப்படிப்பட்ட இரவுப் பயணங்கள் விபத்தில் முடிந்த செய்திகளை அந்தப் பாதையோரத்து மக்கள் எத்தனையோ முறை படித்துவிட்டார்கள்.

போய்ச் சேர்ந்த அன்றே குளித்துவிட்டு நல்லூர் வீதியில் நிற்பார்கள். எங்கள் மண்தானே, எங்களுக்கு வெயில் புதிதா என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. உடம்பு அந்த உறவை அறியாது. வெப்பத்தைத் தாங்கும் பழக்கம் இரத்தத்தில் வருவதில்லை, வெயிலில் நின்று சம்பாதிப்பது. சம்பாதித்த அந்தப் பழக்கமும் வெயிலைவிட்டு விலகிய சில வாரங்களில் கரைந்துவிடும். பருத்தித்துறையில் பிறந்து முப்பது வருடம் டொரன்டோவில் இருந்தவரின் உடம்பும், டொரன்டோவிலேயே பிறந்த பேரப்பிள்ளையின் உடம்பும் முதல் நாள் வெயிலுக்கு ஒன்றுதான். டொரன்டோவிலிருந்து வருகிறவர்களுக்கு நேர வித்தியாசம் கோடையில் ஒன்பதரை மணி. அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. பிள்ளை தண்ணீர் கேட்டால் கொழும்பில் வாங்கிய சோடா இருக்கிறது என்பார்கள்.

இந்த ஆண்டு குடும்பத்தோடு ஊருக்குப் போகிற பெரியப்பாமாருக்கும் மாமாமாருக்கும் ஒரு வேண்டுகோள். இறங்கிய இரவு நீர்கொழும்பிலோ சிலாபத்திலோ தங்குங்கள். பதினாறு பேருக்கு நான்கு அறை, ஒரு இரவுச் செலவு. சாரதிக்கும் ஒரு கட்டில் சேர்த்து எடுங்கள். எல்லாரும் ஒரு போத்தல் தண்ணீர் குடித்து, இடியாப்பம் தின்று, ஒன்பது மணிக்குப் படுக்கட்டும். அம்மாவின் மாத்திரையை உங்கள் கைப்பையில் வையுங்கள். காலை ஆறு மணிக்கு, வெளிச்சத்தில், தூங்கி எழுந்த சாரதியோடு புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணம் போய்விடலாம். ஏறும்போது மறக்காமல் ஒருமுறை எண்ணிவிடுங்கள்.